நாற்றங்கால்

இன்றைக்கு உலகத்தில் ஓரளவு பெரிய நகரம் எதுவாயிருந்தாலும், அதன் தலைவர்களுக்கு ஓர் ஆசை இருக்கிறது. தங்கள் ஊரும் ஒரு 'ஸிலிகன் பள்ளத்தாக்கு' ஆகிவிட வேண்டும் என்பதே அது. ஆசைப்படுவதில் பிழையில்லை. ஆசைப்பட்டவுடன் செய்கிற முதல் காரியந்தான் வேடிக்கையானது. ஊருக்கு வெளியே நூறு ஏக்கர் நிலத்தை வளைத்து, கண்ணாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, வாசலில் நீரூற்று வைத்து, மந்திரியைக் கூப்பிட்டுத் திறப்பு விழா நடத்திவிடுகிறார்கள். பிறகு, பட்சிகள் வரும் வரும் என்று வானத்தைப் பார்த்தவண்ணம் காத்திருக்கிறார்கள். கூட்டைப் பட்சியல்லவா கட்ட வேண்டும்? அது ஏனோ யாருக்கும் நினைவு வருவதில்லை.

அசல் பள்ளத்தாக்கு எப்படி உண்டாயிற்று என்ற சரித்திரத்தை நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான்; ஆகையால் சரித்திரம் படித்தாலும் வருஷங்களைக் காட்டிலும் மனிதர்களையே தேடுவேன். இந்தச் சரித்திரத்தில் எனக்குக் கிடைத்த பாத்திரங்கள் எந்த நாவலுக்கும் குறைந்தவர்களல்லர். நோயால் ஊரோடு தங்கிவிட்ட ஒரு பேராசிரியர், மகா மேதையும் மகா முன்கோபியுமான ஒரு விஞ்ஞானி, அவரைவிட்டு ஒரே நாளில் வெளியேறிய எட்டு இளைஞர்கள் - இவர்களை வைத்தே முக்கால் பங்கு கதையைச் சொல்லிவிடலாம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குத் தெற்கே, ஸாந்தா கிளாரா பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே சுமார் ஒரு லட்சம் ஏக்கரில் பழத்தோட்டங்கள் இருந்தன. பிளம், ஆப்ரிகாட், செர்ரி என்று வசந்த காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் பூத்துக் கிடக்கும். பழங்களை உலர்த்துவதும் தகர டப்பாக்களில் அடைப்பதுமே ஊரின் பெரிய தொழில். 'இதயம் களிக்கும் பள்ளத்தாக்கு' என்பது அந்நாளில் அதற்கு வழங்கிய பெயர். யந்திர நாகரிகத்தின் தலைநகரமாக இந்த இடம் மாறப்போகிறது என்று 1930-ல் யாராவது சொல்லியிருந்தால், தோட்டக்காரர்கள் அவருக்கு ஒரு கூடை பழத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அங்கே ஒரு சர்வகலாசாலை இருந்தது. ரயில்வேயில் பெருஞ்செல்வம் சேர்த்த லீலண்ட் ஸ்டான்போர்டு என்பவரின் ஒரே மகன் 1884-ல் பதினைந்து வயதில் இறந்துபோனான். அந்தத் துயரத்திலே பிறந்ததுதான் 1891-ல் திறக்கப்பட்ட ஸ்டான்போர்டு சர்வகலாசாலை. எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அதற்கு எழுதி வைத்த ஸ்டான்போர்டு, அதில் ஒரு குழியைக்கூட விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டார். மகனை இழந்த தகப்பனார் போட்ட அந்த நிபந்தனை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வேலை செய்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம்முடைய முதற் பாத்திரம் பிரெடரிக் டெர்மன். ஸ்டான்போர்டில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தவரின் மகன். கிழக்கே பாஸ்டனை அடுத்துள்ள எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே உபாத்தியாயராக அமர இருந்தார். 1924-ல் விடுமுறைக்கு ஊர் வந்தவரை க்ஷயரோகம் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷம் படுத்த படுக்கை. எழுந்தபோது, கிழக்கின் குளிர் உடம்புக்கு ஆகாதென்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஸ்டான்போர்டிலேயே தங்கி ரேடியோ பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஒரு க்ஷயரோகக் கிருமி ஒரு நகரத்தின் தலையெழுத்தை மாற்றியது என்று எழுதினால், கதையில் நம்ப மாட்டீர்கள். சரித்திரம் இந்த மாதிரிச் சங்கோசமெல்லாம் பார்ப்பதில்லை.

டெர்மனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. தாம் பாடுபட்டுப் படிக்க வைக்கும் நல்ல மாணாக்கர்களெல்லாம் பட்டம் வாங்கியவுடன் கிழக்கே வேலைக்குப் போய்விடுகிறார்களே என்பதுதான் அது. பெண்ணைப் பெற்றவன் புக்ககத்துக்கு அனுப்புவதுபோல் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில், வேலை அங்கே இருப்பதால்தானே போகிறார்கள், இங்கேயே வேலையை உண்டாக்கினால் என்ன என்று யோசித்தார். அவருடைய மாணாக்கர்களில் டேவிட் பாக்கார்டு என்பவர் நியூயார்க் ராஜ்யத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அவருக்கு ஓர் உபகாரச் சம்பளம் ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தார். வில்லியம் ஹ்யூலெட் என்ற இன்னொரு மாணாக்கரோடு சேர்ந்து தொழில் தொடங்கும்படி தூண்டினார். பாலோ ஆல்டோவில் அடிஸன் தெருவில் ஒரு வீட்டின் மோட்டார்க் கொட்டகை. 538 டாலர் மூலதனம். 1939-ஆம் வருஷப் பிறப்பன்று கூட்டு வியாபாரம் பதிவாயிற்று. யார் பெயர் முன்னால் வருவது என்பதைக் காசு சுண்டிப் பார்த்துத் தீர்மானித்தார்கள். ஹ்யூலெட் செய்த 'ஆடியோ ஆஸிலேட்டர்' என்ற கருவியில் எட்டை வால்ட் டிஸ்னியின் ஸ்தாபனம் 'பான்டேஸியா' படத்திற்காக வாங்கியது. கடை நின்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மாணாக்கன் நல்ல உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டான் என்று கேட்டால் எந்த உபாத்தியாயருக்கும் சந்தோஷந்தான். உத்தியோகத்தில் இருப்பவனை அழைத்து, "அதை விட்டுவிட்டு வா அப்பா, கொட்டகையில் உட்கார்ந்து ஏதாவது செய்" என்று சொல்லும் உபாத்தியாயர் எத்தனை பேர்? அப்படிச் சொல்வதோடு நில்லாமல், சாப்பாட்டுக்கும் வழி செய்து கொடுத்தார் டெர்மன். எந்த நகரத்துக்கும் முதல் தேவை இப்படி ஒரு மனிதர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது எதிரியின் ரேடாரை முறியடிக்கும் ஆராய்ச்சிச் சாலை ஒன்றை ஹார்வர்டில் நடத்தினார் டெர்மன். சர்க்கார் பணம் ஆராய்ச்சிக்குள் எப்படி வெள்ளமாகப் பாய்கிறது என்பதை அங்கே கண்டுகொண்டார். ஊர் திரும்பி எஞ்சினீயரிங் பகுதியின் தலைவரானார். அப்போதுதான் பழைய நிபந்தனை ஞாபகத்துக்கு வந்தது. நிலத்தை விற்கத்தானே கூடாது? குத்தகைக்கு விடலாமே! 1951-ல் ஸ்டான்போர்டு தொழிற்பேட்டை பிறந்தது. வேரியன் சகோதரர்களின் கம்பெனி முதல் குத்தகைதாரர். ஹ்யூலெட் - பாக்கார்டும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தது. கம்பெனிகளில் வேலை செய்யும் எஞ்சினீயர்கள் சர்வகலாசாலைக்கு வந்து மேற்பட்டம் படிக்கவும் 1954-ல் ஏற்பாடாயிற்று. பட்டறையிலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து பட்டறைக்கும் சைக்கிளில் போய்விடலாம்.

இவ்வளவுதான் கதை என்றால், நம் மேயர்களின் கண்ணாடிக் கட்டடத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தொழிற்பேட்டை உலகத்தில் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. மீதிக் கதை பேட்டைக்கு வெளியே, பக்கத்து ஊரான மவுண்டன் வியூவில், ஸான் அன்டோனியோ ரோட்டில் ஒரு சாதாரணக் கட்டடத்தில் நடந்தது.

டிரான்ஸிஸ்டர் 1947-ஆம் வருஷக் கடைசியில் நியூஜெர்ஸியில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்தது. அதற்காக 1956-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் வில்லியம் ஷாக்லி ஒருவர். இந்த ஷாக்லி பாலோ ஆல்டோவில் வளர்ந்த பிள்ளை. வயதான தாயார் அங்கேதான் வசித்து வந்தார். சொந்தத்தில் டிரான்ஸிஸ்டர் செய்து பணம் சம்பாதிக்கலாம் என்று அவர் 1956-ல் தொழில் தொடங்கியபோது, தாயார் இருந்த ஊரின் பக்கமாகவே இடம் பிடித்தார். மகன் தாயைத் தேடி வந்தான். அவனோடு ஸிலிகனும் வந்தது. இன்னொரு விசேஷம்: டெர்மனின் தகப்பனார் அபூர்வ அறிவுள்ள குழந்தைகளைப் பொறுக்கியெடுத்து ஆராய்ச்சி செய்தவர். அந்தச் சோதனையில் சிறுவன் ஷாக்லி தேறவில்லை!

ஆட்களைப் பொறுக்குவதில் ஷாக்லி மகா கெட்டிக்காரர். நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் முதல்தரமான இளைஞர்களைச் சேர்த்தார். சேர்த்தவர்களை வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. எல்லோருடைய சம்பளத்தையும் சுவரில் எழுதி ஒட்டினார். ஒருவர் கண்டுபிடித்ததைச் சரிதானா என்று பெல் சாலைக்கு அனுப்பிச் சோதித்தார். ஒரு காரியதரிசியின் கையில் ஏதோ ஊசி குத்திவிட்டதென்று, வேலைக்காரர்கள் எல்லோருக்கும் பொய் கண்டுபிடிக்கும் யந்திரத்தை வைத்துப் பார்க்க வேண்டுமென்று நின்றார். மேதாவிகளிடம் நாம் எவ்வளவோ பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் சந்தேகத்தைப் பொறுப்பது கஷ்டம்.

1957 செப்டம்பரில் எட்டுப் பேர் ஒன்றாக ராஜிநாமாச் செய்தார்கள். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர், ஜீன் ஹோர்னி, யூஜின் கிளைனர், ஜே லாஸ்ட், ஜூலியஸ் பிளாங்க், விக்டர் கிரினிச், ஷெல்டன் ராபர்ட்ஸ் ஆகிய எட்டுப் பேரையும் 'துரோகிகள்' என்ற பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. இவர்களில் மூர் ஒருவர்தான் உள்ளூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஹோர்னி ஸ்விட்ஸர்லாந்துக்காரர், கிளைனர் வியன்னாவில் பிறந்தவர். வேலை தேடிக் கிளைனர் எழுதிய ஒரு கடிதம் நியூயார்க்கில் ஆர்தர் ராக் என்ற இளைஞரின் கையில் கிடைத்தது. எட்டுப் பேரும் வேறொருவரிடம் வேலைக்குச் சேர எண்ணியிருந்தார்கள். "நீங்களே ஏன் கம்பெனி தொடங்கக் கூடாது?" என்று கேட்டவர் ராக். முப்பதுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்களிடம் அவர் போய்க் கேட்டார். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஷெர்மன் பேர்சைல்டு என்ற தனவந்தர் சம்மதித்தார். அவருடைய காமிராக் கம்பெனி 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கொடுத்தது. எட்டுப் பேரும் தலைக்கு 500 டாலர் போட்டார்கள். 'பேர்சைல்டு செமிகண்டக்டர்' இப்படிப் பிறந்தது.

முதல் பெரிய கிராக்கி ஐ.பி.எம். கம்பெனியிடமிருந்து வந்தது: நூறு டிரான்ஸிஸ்டர், ஒன்று 150 டாலர். அவை ஒரு யுத்த விமானத்தின் கணக்கு யந்திரத்துக்கு வேண்டியிருந்தன. தூசு விழுந்தால் கெட்டுப் போகாத டிரான்ஸிஸ்டரைச் செய்யும் முறையை ஹோர்னி கண்டுபிடித்தார். அதன்மேல், ஒரே ஸிலிகன் சில்லில் முழு மின்சுற்றையும் அமைக்கும் யோசனையை 1959-ல் நாய்ஸ் வகுத்தார். இன்றைக்கு நம் சட்டைப் பையில் இருக்கும் டெலிபோன் வரை அந்த யோசனையின் சந்ததிதான்.

ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது அவர்கள் கண்டுபிடித்த பொருளை அன்று. அவர்கள் காட்டிய வழியை. வேலையை விட்டுப் போனால் வானம் இடிந்து விழாது என்பதை அந்தப் பள்ளத்தாக்கு அன்றைக்குக் கற்றுக்கொண்டது. பேர்சைல்டிலிருந்தே ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். 1968-ல் நாய்ஸும் மூரும் 'இன்டெல்' ஆரம்பித்தார்கள். பணம் திரட்டியவர் அதே ஆர்தர் ராக். 1969-ல் 'ஏ.எம்.டி.' வந்தது. 1972-ல் கிளைனர் புதுத் தொழிலுக்குப் பணம் கொடுக்கும் ஸ்தாபனம் ஒன்றைக் கூட்டாகத் தொடங்கினார். பேர்சைல்டிலும் இன்டெலிலும் வேலை பார்த்து, இளம் வயதிலேயே ஓய்வு பெற்றிருந்த மார்க்குலா என்பவர், 1977-ல் இரண்டு பையன்களை நம்பி இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார். அந்தப் பையன்களின் கம்பெனிக்குப் பெயர் 'ஆப்பிள்'. அவர்களில் ஒருவரான வோஸ்னியாக் ஹ்யூலெட் - பாக்கார்டில் வேலை பார்த்தவர். பழத்தோட்டம் போன பிறகும் பழத்தின் பெயர் நிலைத்துவிட்டது பாருங்கள்!

நம் ஊர்க் குடியானவர்களுக்கு நாற்றங்காலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருக்கமாக விதைப்பார்கள்; நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுவார்கள்; உரிய காலத்தில் வேரோடு பறித்து வேறு வயலில் நடுவார்கள். பறிக்காமல் விட்ட நாற்று ஒன்றுக்கும் உதவாது. பேர்சைல்டு ஒரு நாற்றங்கால். அந்தக் கம்பெனி பின்னாளில் நலிந்து போயிற்று. அதனால் பள்ளத்தாக்குக்கு நஷ்டமில்லை. பயிர் வேறு வயல்களில் விளைந்துகொண்டிருந்தது.

பறிப்பதற்குச் சட்டமும் இடங்கொடுத்தது. ஒரு கம்பெனியை விட்டுப் போகிறவன் அதே தொழிலைச் செய்யக் கூடாதென்று ஒப்பந்தம் எழுதி வாங்குவது பல ராஜ்யங்களில் செல்லும். கலிபோர்னியாவில் செல்லாது. 1872-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பிலேயே அப்படி எழுதியிருக்கிறது. அதை எழுதியவர்களுக்கு டிரான்ஸிஸ்டரைப் பற்றிக் கனவுகூட இருந்திருக்க முடியாது. ஊர்க்காரர்களின் சுபாவமும் சட்டத்துக்கு ஒத்தாசை செய்தது. மாலையில் வேலை முடிந்ததும் 'வண்டிச் சக்கரம்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட ஒரு மதுக்கடையில் போட்டிக் கம்பெனிக்காரர்கள் கூடி, ஒருவர் கஷ்டத்தை ஒருவரிடம் சொல்லிக்கொள்வார்களாம். கம்பெனி மாறினாலும் சிநேகிதம் மாறவில்லை.

இதற்கு நேர்மாறான ஊரையும் பார்க்க வேண்டும். யுத்தம் முடிந்தபோது கலிபோர்னியாவைவிட பாஸ்டனுக்கே எல்லா வசதிகளும் இருந்தன. எம்.ஐ.டி. இருந்தது, ஹார்வர்டு இருந்தது. புதுத் தொழிலுக்கு மூலதனம் கொடுப்பதற்கென்றே ஜார்ஜஸ் டோரியோ என்ற பேராசிரியரின் தலைமையில் 1946-ல் ஒரு ஸ்தாபனமும் ஏற்பட்டது. அது 70,000 டாலர் கொடுத்து, ஒரு பழைய கம்பளி ஆலையில் 1957-ல் தொடங்கிவைத்த 'டிஜிட்டல்' கம்பெனி உலகப் புகழ் பெற்றது. நகரைச் சுற்றிய 128-ஆம் நம்பர் சாலையின் இரு மருங்கிலும் கம்பெனிகள் முளைத்தன. எல்லாம் பெரிய, கௌரவமான, தன்னிறைவு கொண்ட கோட்டைகள். சேர்ந்தவர் ஆயுள் முழுவதும் இருப்பார். உள்ளே நடப்பதை வெளியே பேச மாட்டார். சிறு கம்ப்யூட்டர்கள் வந்து காலம் மாறியபோது கோட்டைகளால் திரும்ப முடியவில்லை. 'வாங்' கம்பெனி 1992-ல் திவாலாயிற்று. 'டிஜிட்டல்' 1998-ல் இன்னொரு கம்பெனியின் கைக்குப் போயிற்று. இரு பிரதேசங்களையும் ஒப்பிட்டு அன்னாலீ ஸாக்ஸீனியன் என்ற ஆசிரியை 1994-ல் எழுதிய நூல் இந்த வித்தியாசத்தைத்தான் விளக்குகிறது. பாஸ்டனும் அழிந்துவிடவில்லை, மருந்து, உயிரியல் துறைகளில் மறுபடி தலையெடுத்துவிட்டது. கல்வியை விதைத்த மண் அவ்வளவு சுலபமாகத் தரிசாகாது.

டிரான்ஸிஸ்டர் பிறந்த நியூஜெர்ஸியும் சும்மா இருக்கவில்லை. 1960-களில் அங்குள்ள பெரிய கம்பெனிகள் டெர்மனையே வரவழைத்து, "எங்களுக்கும் ஒரு ஸ்டான்போர்டு அமைத்துக் கொடுங்கள்" என்று கேட்டன. அவரும் திட்டம் போட்டுக் கொடுத்தார். ஆனால் கம்பெனிகள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க இசையவில்லை. திட்டம் காகிதத்தோடு நின்றது. வைத்தியர் அதே வைத்தியர்தான், மருந்தும் அதே மருந்துதான். பத்தியம் இருக்க நோயாளிக்கு மனமில்லை.

வெளியிலிருந்து வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1965-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் ஆசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்துவிட்டது. 1980-க்கும் 1998-க்கும் இடையில் பள்ளத்தாக்கில் தோன்றிய தொழில்நுட்பக் கம்பெனிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றைச் சீனரோ இந்தியரோ தலைமை தாங்கி நடத்தியதாக அதே ஸாக்ஸீனியன் கணக்கிட்டார். நம் கிண்டியிலும் கோவையிலும் படித்தவர்கள் அந்த ஜனத்திரளில் உண்டு. டெர்மனின் பழைய மனக்குறை இப்போது இடம் மாறி நம் உபாத்தியாயர்களிடம் வந்திருக்கிறது.

இனி, திறப்பு விழாக்களில் யாரும் பேசாத பகுதி. இந்தத் தொழிலுக்குப் புகையில்லை, சத்தமில்லை. ஆகவே சுத்தமான தொழில் என்று எல்லோரும் நம்பினார்கள். ஸிலிகனைக் கழுவுவதற்கு வேண்டிய கரைப்பான்களைப் பூமிக்கடியில் தொட்டிகளில் வைத்திருந்தார்கள். 1981-ஆம் வருஷக் கடைசியில், ஸான் ஹோஸேயின் தென்பகுதியில் பேர்சைல்டின் தொட்டியொன்றிலிருந்து விஷம் கசிந்து குடிதண்ணீர்க் கிணற்றில் கலந்திருந்தது தெரியவந்தது. பிறகு மற்ற இடங்களிலும் தோண்டிப் பார்த்தார்கள். மத்திய சர்க்கார் முன்னின்று சுத்தம் செய்யவேண்டிய அபாய இடங்களின் ஜாபிதாவில் அந்தச் சின்ன ஜில்லாவுக்கு இருபதுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. அமெரிக்காவில் வேறெந்த ஜில்லாவுக்கும் இந்தப் 'பெருமை' இல்லை. பழத்தோட்டங்கள் வெட்டுண்டன. நிலத்தின் விலை ஏறியது. ஏறிய விலையில், பள்ளிக்கூட உபாத்தியாயரும் ஆஸ்பத்திரித் தாதியும் ஊரில் குடியிருக்க முடியவில்லை. எட்டுப் பேரின் பெயர் நமக்குத் தெரிகிறது. பூதக்கண்ணாடிக்குக் கீழே மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே, ஒரு நகரம் இதற்கு ஆசைப்படலாமா? படலாம் என்றே சொல்வேன். ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும். செய்ய வேண்டியவை கட்டடங்களைவிடக் கடினமானவை. மாணாக்கனைப் பட்டத்தோடு கைகழுவிவிடாத உபாத்தியாயர்களை ஆதரிக்க வேண்டும். முதல் சரக்கை வாங்க ஒருவர் வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் அதைப் பெரும்பாலும் ராணுவமே செய்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. தோற்றவனுக்கு மறுபடியும் கடன் கொடுக்க வேண்டும். கல்யாணச் சந்தையில்கூட அவனுக்கு மதிப்புக் குறையக் கூடாது. இதற்கெல்லாம் முப்பது நாற்பது வருஷம் பிடிக்கும். டெர்மன் நோயிலிருந்து எழுந்ததற்கும், ஒரு பத்திரிகைக்காரர் 1971-ல் அந்த இடத்துக்கு 'ஸிலிகன் பள்ளத்தாக்கு' என்ற பெயரை அச்சில் ஏற்றியதற்கும் இடையில் ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷம். அடுத்த தேர்தலுக்குள் முடிகிற காரியமல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று வேண்டும். நம்மிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் ஒரு நாள் வந்து, "போய்வருகிறேன் ஐயா, சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கிறேன்" என்று சொல்லும்போது, அவனைத் துரோகி என்று சொல்லாமல் இருக்க முதலாளிமார்கள் பழக வேண்டும். நன்றி கெட்டவன் என்று வையாமல், போகிறவன் நம் ஊரிலேயே கடை வைக்கிறானே என்று சந்தோஷப்பட வேண்டும். அந்தச் சந்தோஷத்தைக் கற்றுக்கொள்ளாத ஊரில் எத்தனை கண்ணாடி மாளிகை கட்டினாலும், அதில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தாம் வருவார்கள்.